கிளிராணிக் காகிதத்தில் ஒரு செம்பருத்தி

வடகரப்பதிப் பக்கம் பெட்டிக்கடை வைத்திருந்த கமலாத்தாளின் கல்யாணத்தை அம்மன் இரண்டு முறை தடுத்தாள். மூன்றாம் முறையும் தடுத்திருந்தால் கமலாத்தாளைப் பற்றி எழுத எதுவும் இருந்திருக்காது. ஊரில் கல்யாணமாகாமல் இருந்தவர்களின் பட்டியலில் ஒரு பெயர், அவ்வளவுதான். தடுக்கவில்லை. அதனால்தான் இத்தனை வெசனம்.

முதலில் சாக்லேட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஊரின் துன்பம் அதிலிருந்துதான் தொடங்கியது. இதை அன்றைக்கு ஊருக்குள் யாரும் அறியவில்லை. பின்னால் அறிந்த இருவரும் வாயைத் திறக்கவில்லை.

எழுபத்து நான்கில் கோயம்புத்தூரிலிருந்து காலை முதல் பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால், தகர டின்னில் வந்து இறங்கியது கிளிராணி சாக்லேட். நீலச் சேலை கட்டிய ஒரு ராணி, அவள் புறங்கையில் பச்சைக்கிளி. மேலே அந்தப் படம் போட்ட காகிதம், உள்ளே ஜிகினாக் காகிதம், அதற்கும் உள்ளே கட்டை விரல் அகலத்துக்குப் பழுப்பாக ஒரு வஸ்து. பாதி கருகிய சர்க்கரை, பாதி கொக்கோ. வாயில் போட்டால் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் ஒட்டவைத்துவிடும். புருஷன் பெண்டாட்டி சண்டையை நிறுத்துவதற்கு அதைவிடச் சிறந்த பொருள் அதுவரை அந்த வட்டாரத்துக்கு வந்ததில்லை.

ஆறே மாதத்தில் ராணி ஊரைப் பிடித்துக்கொண்டாள். டூரிங் டாக்கீஸில் இடைவேளைக்கு அவள் படத்தை ஸ்லைடாகப் போட்டார்கள். ஆபரேட்டர் தலைகீழாகப் போட்டுவிடுவார். தலைகீழாகத் தொங்கிய ராணிக்கும் விசில் பறந்தது. முடிவெட்டும் கடைக் கண்ணாடியைச் சுற்றி அவள்தான். பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் ஜிகினா. பள்ளிக்கூடத்துச் சுதந்திர தினத் தோரணத்திலும் ஜிகினா. சேலைக் கடைகளில் கிளிராணிக் கலர் என்று ஒரு நீலம் தனியாகப் பிறந்து, அந்த நீலம் இல்லாமல் நிச்சயதார்த்தத்துக்கு உட்கார மாட்டேன் என்று அழுத பெண்களும் உண்டு. மறு வருஷம் ஆடியில் வந்த டின்னில் மட்டும் அச்சு நகர்ந்துபோய், ராணியின் கண்கள் இரண்டும் நெற்றிக்கு ஏறியிருந்தன. அதைப் பார்த்துவிட்டு இரண்டு குழந்தைகளுக்குக் காய்ச்சல் கண்டது. பெரியவர்கள் அந்தக் காகிதத்தைத் தலைகுப்புறக் கவிழ்த்து வைத்தார்கள். ஆனால் சாக்லேட்டைத் தின்றுவிட்டார்கள்.

அந்த வட்டாரத்துக்கே கிளிராணியை விற்றவள் கமலாத்தாள். தகப்பன் இல்லை. தாய் சின்னத்தாயிக்குக் கண்ணில் புரை. கமலாத்தாளுக்கு வயது இருபத்தாறு. ஊரார் பேச்சில் முப்பதைத் தாண்டியிருந்தது. எலப்புள்ளியிலிருந்து செங்கோட்டையன் என்று ஒருவன், கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவன், ஞாயிறு தவறாமல் சைக்கிளில் வந்து ஒரு சாக்லேட் வாங்கிப் போவான். அவனுக்கு இனிப்பு ஆகாது. கடைவாயில் சொத்தை வேறு. வாங்கியதையெல்லாம் சட்டைப் பையிலேயே வைத்திருந்து, அங்கே எறும்புகள் ஒரு குடியிருப்பே அமைத்துவிட்டன.

"திங்கறதில்லைன்னா எதுக்குங்க வாங்கறீங்க?" என்று கமலாத்தாள் ஒருநாள் கேட்டாள்.

"வேற என்ன வாங்கறதுன்னு தெரியலீங்க" என்றான் அவன். அந்த வட்டாரத்தில் காதல் என்பது இதற்கு மேல் பேசாது.

செங்கோட்டையனின் தகப்பன் அப்புசாமி பெண் கேட்டு வந்தார். சின்னத்தாயி சரி என்றாள். பாக்கி இருந்தது அம்மன் ஒருத்திதான்.

அங்கெல்லாம் கல்யாணமோ, கிணறோ, வீடோ, ஆசுபத்திரியோ, அம்மனிடம் பூக்கேட்காமல் எதுவும் நகராது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப்பூ, இன்னொன்றில் சிவப்புப்பூ. இரண்டையும் ஒன்றுபோலக் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். பள்ளிக்கூடம் போகாத ஒரு குழந்தை ஒன்றை எடுத்துக் கொடுக்கும். வெள்ளை வந்தால் செய். சிவப்பு வந்தால் செய்யாதே. கல்யாணத்துக்கு மூன்று தரம் கேட்கலாம். மூன்றும் சிவப்பு என்றால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட வேண்டியதுதான். அந்தப் பெண்ணை வேறு யாரும் கேட்டு வருவதும் குறைந்துவிடும்.

குழந்தையாக அந்த வருஷம் அமர்ந்தவள் மயிலாத்தாள், வயது நான்கு, மேட்டு வீட்டுக் குழந்தை. அந்த வயதில் ஊரில் இருந்த இன்னொன்று பூசாரியைக் கண்டாலே அலறும். ஆகவே ஊரின் சகல காரியங்களும் மயிலாத்தாளின் கையில் வந்தன. சம்பளம், வெள்ளிக்கு ஒரு கிளிராணி. பூ எடுத்த கையோடு கொடுத்துவிட வேண்டும். கொடுக்கத் தாமதித்தால் அம்மன் சந்நிதி என்றும் பாராமல் படுத்துப் புரளுவாள்.

பூசாரி ராக்கப்பனைப் போல நேர்மையான மனிதர் கிழக்குச் சீமையில் கிடையாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னால் நடந்ததெல்லாம் அந்த நேர்மையால் நடந்தது.

எழுபத்தைந்து சித்திரையிலிருந்து அம்மன் எதற்கும் சம்மதிக்கவில்லை. கமலாத்தாள் கல்யாணம்: சிவப்பு. கீழ்த்தோட்டத்துக் கிணறு ஆழப்படுத்த: சிவப்பு. மாடு விற்க: சிவப்பு. மாடு வாங்க: அதற்கும் சிவப்பு. டெல்லியில் அவசரநிலை வந்தது ஆனியில்; ஊரில் அம்மன் அதற்கு இரண்டு மாதம் முந்தியே கொண்டுவந்துவிட்டாள். ஆவணியில் கமலாத்தாளுக்கு இரண்டாம் தரம் கேட்டார்கள். சிவப்பு. அப்புசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தையில ஒருக்கா பாப்போம். அப்பறம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு எடம் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். செங்கோட்டையன் அந்த ஞாயிறும் வந்தான். சாக்லேட்டை வாங்கிப் பையில் போட்டான்.

ஊர் மெல்ல மெல்ல அடங்கிப்போனது. தோண்டத் தொடங்கிய கிணறுகள் பாதியில் வாய் பிளந்து கிடந்தன. அரைகுறைச் சுவர்களில் ஓணான் குடிவந்தது. கல்யாண வயதில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். பூக்கேட்கும் வேளையில் சந்நிதியில் இனிப்பாக ஒரு வாசம் வருகிறது என்று முன்வரிசையில் நின்ற பெண்கள் முணுமுணுத்தார்கள். "அம்மை வார்க்கறதுக்கு முந்தி இப்பிடித்தா இனிச்ச வாசம் வருமாமா" என்றாள் ஒருத்தி. அதற்குப் பிறகு எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டே கும்பிட்டார்கள். அம்மனைப் பார்த்தால் அவளுக்குத்தான் சளி பிடித்திருக்கிறது, பக்தர்கள் தள்ளி நிற்கிறார்கள் என்று தோன்றும்.

கார்த்திகையில் கீழ்த்தோட்டத்து நஞ்சப்பன் கேட்டார். குடலிறக்கம். கோயம்புத்தூர் போய் அறுத்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். மயிலாத்தாள் குனிந்தாள், எடுத்தாள். சிவப்பு.

"சரி, அம்மனுக்குத் தெரியாததா டாக்டருக்குத் தெரிஞ்சு போச்சு" என்று நஞ்சப்பன் சிரித்தார். வயிற்றைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மார்கழி வரை இருந்தார். மார்கழி பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு இல்லை.

அவருக்கு மூன்று மகன்கள். மூவரும் கைகால் திடமானவர்கள். கருமாதி முடிந்த பின் மூவரும் கோயில் வாசலில் வந்து உட்காரத் தொடங்கினார்கள். கும்பிடவில்லை. சும்மா உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மன் அவர்களைப் பார்த்தாளா என்பது தெரியாது. ராக்கப்பன் பார்த்தார்.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை குறித்தார்கள். மூன்றாம் தரம். முந்தின நாள் வியாழன் மத்தியானம், ராக்கப்பன் வழக்கம்போலக் கடைக்கு வந்தார். வாரம் ஒரு சாக்லேட் அவர் கணக்கு. கமலாத்தாள் அதை அவருடைய நாக்கின் பலவீனம் என்று எண்ணியிருந்தாள்.

"கிழியாமப் பிரிச்சுக் குடு அம்மணி" என்றார். "பல்லு ஆடுது. சாக்லேட்ட இந்தக் கண்ணுக்குக் குடுத்துரு. காயிதம் மட்டும் எனக்கு."

கடைக்கு முன்னால் மயிலாத்தாள் நின்றிருந்தாள். அந்த நேரத்தில் தவறாமல் நிற்பாள்.

"வெறுங்காயிதம் எதுக்குங்க பூசாரி?"

ராக்கப்பன் பெருமையோடு விளக்கினார். "முந்தியெல்லாம் வாழையெலையில கட்டுவோம். போன வருசம் வாழை காஞ்சு போச்சல்ல? பேப்பருல கட்டினா செம்பருத்திச் சாயம் மேல ஊறி, பொட்டலம் செவந்து போயிருது. பாக்கற புள்ளைக்குத் தெரிஞ்சுராதா? அம்மனுக்குத் துரோகம் பண்ணப்படாதல்லோ. அதான், செம்பருத்திய மொதல்ல ஜிகினாக் காயிதத்துல சுத்தி, அதுக்கு மேல பேப்பரு. சாயம் ஒரு சொட்டு வராது."

"வெள்ளைப்பூவுக்கு?"

"அதுல சாயமேதுங்க? அதுக்கு வெறும் பேப்பரு போதும். வீணாக்குவாங்களா?"

ஜிகினாவை நீவி மடித்து மடியில் செருகிக்கொண்டு அவர் நடந்தார். கமலாத்தாள் சிரிக்கக்கூட மறந்து நின்றாள். மயிலாத்தாள் சாக்லேட்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, கடை ஓரத்தில் கிடந்த காலி டின்னுக்குள் தலையை விட்டு, கண்ணை மூடி, மூச்சை ஆழமாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

டின்னுக்குள்ளிருந்து அந்தக் குழந்தை "ஹா" என்று விட்ட மூச்சு, கமலாத்தாளின் முதுகுத்தண்டில் ஏறியது.

பத்து மாதம். கிணறு, மாடு, சுவர், கல்யாணம், நஞ்சப்பன். எதையும் அம்மன் தடுக்கவில்லை. சாக்லேட் வாசம் அடித்த பொட்டலத்தை ஒரு நான்கு வயதுக் குழந்தை எடுத்திருக்கிறாள். அவ்வளவுதான் விஷயம்.

ஊரைக் கூட்டிச் சொல்லிவிடலாம் என்று எழுந்தாள். கோயில் வாசல் கடையிலிருந்து தெரியும். நஞ்சப்பனின் மூன்று மகன்களும் உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்துவிட்டாள். சொன்னால் இன்று மாலைக்குள் ராக்கப்பனின் கை கால் முழுதாக இருக்காது. சாக்லேட் விற்றவளை மட்டும் விட்டுவைப்பார்களா? அப்புசாமி ஏற்கெனவே பொள்ளாச்சிப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அம்மன் வாக்கைக் குலைத்த குடும்பத்தில் அவர் பெண் எடுப்பாரா? சொல்லாவிட்டால் நாளைக்கும் சிவப்பு. செங்கோட்டையன் பையிலிருக்கிற எறும்புகளுக்கும் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

கமலாத்தாள் கெட்டவள் அல்ல. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் புது டின்னை உடைத்தபோதும் அவள் கெட்டவள் அல்ல.

"வா கண்ணு மயிலா. உக்காரு."

மயிலாத்தாள் உட்கார்ந்தாள். முதல் சாக்லேட். இரண்டாவது. மூன்றாவதில் குழந்தையின் கண் சந்தேகத்தோடு உயர்ந்தது.

"எங்கம்மா வையும்."

"வைய மாட்டாங்க. நாஞ் சொல்லிக்கறேன்."

ஐந்து வரைதான் அவளுக்கு எண்ணத் தெரியும். ஐந்து வந்ததும் மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணினாள். ஏழாவதில் மெல்லுவது நின்றது.

"போதுங்க்கா."

"அக்காவுக்காக ஒண்ணு."

"வவுறு என்னமோ பண்ணுது."

"அதுக்குத்தான் சாமி. இன்னும் ஒண்ணே ஒண்ணு. நல்ல புள்ளையல்ல?"

எட்டு. ஒன்பது. வாயோரம் பழுப்பாக வழிந்தது. காகிதத்திலிருந்த ராணிகள் தரையில் சுற்றிக் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆடி மாதத்து டின்னில் மிச்சமிருந்த இரண்டு பேர் நெற்றிக் கண்ணால் பார்த்தார்கள். பதினோராவதைக் கமலாத்தாள் நீட்டியபோது மயிலாத்தாள் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நாறுது" என்றாள்.

கமலாத்தாள் அந்தப் பதினோராவதைத் தானே பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள். ஏனோ அவளுக்கும் இனிக்கவில்லை.

பத்தரைக்குப் பூக்கேட்டார்கள். ஊரே இருந்தது. அப்புசாமி முன்னால், பின்னால் செங்கோட்டையன், சொத்தைப்பல் கன்னத்தை வீங்கவைத்திருந்தது. வாசலில் மூன்று மகன்கள். ராக்கப்பன் இரண்டு பொட்டலங்களையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். ஒரே பேப்பர், ஒரே நூல், ஒரே கட்டு. நேர்மை.

மயிலாத்தாள் பழக்கத்தால், வாசம் வந்த வலப்பக்கப் பொட்டலத்தை நோக்கிக் குனிந்தாள். மூக்கு அதற்கு நாலு விரல் கிட்டத்தில் போனதும் நின்றாள். அவள் முகம் கசக்கிய துணிபோல ஆயிற்று. சட்டென்று இடப்பக்கத்தை எடுத்து ராக்கப்பனின் மேல் வீசி எறிந்தாள்.

வெள்ளை.

மணி அடித்தவர் அடிப்பதை நிறுத்த மறந்துவிட்டார். பத்து மாதத்தில் முதல் வெள்ளை. பெண்கள் அழுதார்கள். அப்புசாமி, "அம்மா தாயே, மனசு எறங்கிட்டியா" என்று குப்புற விழுந்தார். அதே நொடியில் மயிலாத்தாள் அம்மனுக்கு முன்னால், கருங்கல் தரையில், காலையில் தின்ற அத்தனையையும் வாந்தியாக எடுத்தாள்.

கருப்பாக, கெட்டியாக வந்தது.

"பாத்தீங்களா! ஊரு தோசம்! பத்து மாசத் தோசத்தையும் அம்மன் அந்தப் பச்ச மண்ணு வழியா வெளிய எடுத்துப்போட்டா!" என்று ஒருவர் கத்தினார். கூட்டம் முழுக்கக் கையெடுத்துக் கும்பிட்டது. வாந்தியைத்தான். இரண்டு பேர் சுற்றி வந்து கும்பிட்டார்கள்.

ராக்கப்பன் தண்ணீர் ஊற்றக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். வாசம் பிடித்தார். மடியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கூட்டத்தில் ஒரே ஒரு முகத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். கமலாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கல்யாணத்தை வைகாசியில் வைத்தார்கள். அதுவரை நடந்ததைத்தான் கமலாத்தாள் எதிர்பார்க்கவில்லை.

மயிலாத்தாளுக்கு அன்றோடு கிளிராணியின் வாசமே ஆகாமல் போயிற்று. சம்பளத்தை முறுக்காக மாற்றிக்கொண்டாள். அடுத்த வெள்ளி: வெள்ளை. அதற்கடுத்த வெள்ளி: வெள்ளை. கேட்டவருக்கெல்லாம், கேட்டதற்கெல்லாம் வெள்ளை. பத்து மாதம் பூட்டிக் கிடந்த ஊர் கதவு திறந்த மந்தைபோல ஓடியது. பாறைமேல் கிணறு தோண்டினார்கள், பாறைதான் வந்தது. மூன்று தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பங்கள் சம்பந்தம் செய்துகொண்டன. பந்தலிலேயே மண்டை உடைந்தது. ஒருவர் எருமைகளை விற்றுப் பழைய லாரி வாங்கினார். அது வந்த இடத்திலேயே நின்றது, பிறகு கோழிகள் அதில் முட்டையிட்டன. நஞ்சப்பனின் மூத்த மகன், தகப்பன் செத்ததற்குக் காரணமானவனைத் தேடிப் பழிவாங்கலாமா என்று ஒரு வெள்ளிக்கிழமை கேட்டான்.

வெள்ளை வந்தது.

அன்றைக்குக் கமலாத்தாள் கடையைப் பத்தரைக்கே மூடிவிட்டாள். காரணமானவன் யார் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இருவரும் அவனுக்கு எதிரே வரும்போது புன்னகை செய்து பழகிக்கொண்டார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், வெயில் தாழ்ந்த வேளையில், ராக்கப்பன் பந்தலுக்கு வந்தார். வேப்பமரத்தடியில் கமலாத்தாளைத் தனியே அழைத்தார். உள்ளங்கையில் இரண்டு பொட்டலம்.

"ரெண்டுக்கும் ஜிகினாப் போட்டிருக்கறேன்" என்றார். "இனிமே எப்பவும் ரெண்டுக்கும்தான். இது சரியான பொட்டலம் அம்மணி. அன்னிக்கு நீ வாங்கினது அம்மன் வாக்கில்லை. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"யாருகிட்டயும் சொல்லீராதீங்க."

"நானா? நஞ்சப்பனுக்குக் கட்டினது இந்தக் கைதானுங்க." கையைப் பார்த்துக்கொண்டார். "குழந்தை வேண்டா. நீயே எடு. அம்மன் நெசமா என்ன சொல்றான்னு தெரிஞ்சுக்கிட்டுத் தாலி வாங்கிக்க. செவப்பு வந்தா நான் அப்புசாமிகிட்ட எல்லாத்தையும் சொல்லிப் போடறேன். என்ற ஒடம்பு என்ன ஆனாலும் ஆவட்டும்."

பந்தலில் செங்கோட்டையன் தெரிந்தான். பல்லைப் பிடுங்கிவிட்டு வந்திருந்தான். இனிமேல் இனிப்பு தின்னலாம் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்.

கமலாத்தாள் ஒரு பொட்டலத்தை எடுத்தாள். ராக்கப்பன் காத்து நின்றார். அவள் பிரிக்கவில்லை. நூலின்மேல் இன்னொரு முடிச்சு போட்டு, மடியில் செருகிக்கொண்டாள்.

"பிரிச்சுப் பாரு அம்மணி."

"பாத்துக்கறேனுங்க."

"எப்ப?"

அவள் பந்தலுக்குப் போய்விட்டாள். ராக்கப்பன் மிச்சமிருந்த பொட்டலத்தைத் தானும் பிரிக்காமல் கோயில் கிணற்றில் போட்டார். பிரித்திருந்தால் இவள் கையிலிருப்பது எது என்று தெரிந்திருக்குமே. நேர்மையான மனிதர்.

மறுநாள் தாலி ஏறியது. எலப்புள்ளியில் தொழிற்சாலை பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே கமலாத்தாள் புதிதாகக் கடை போட்டாள். எழுபத்தெட்டில் கிளிராணி வருவது நின்றுபோனது. கம்பெனி மூடிவிட்டதாகச் சொன்னார்கள். வேலை முடிந்து வருகிற ஆண்கள், "அந்தக் கிளிப்படம் போட்டது இருக்குங்களா? சின்னதுல தின்னது" என்று கேட்பார்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால் தின்றதை எல்லோரும் சின்ன வயதில் தின்றதாகச் சொல்லிக்கொண்டார்கள். பெண்கள் பெட்டியடியில் பத்திரப்படுத்திய காகிதத்தைக் கொண்டுவந்து காட்டி, இந்த நீலம் இப்போது கிடைப்பதில்லை என்று பெருமூச்சு விட்டார்கள். "இல்லீங்க, தீந்து போச்சு" என்பாள் கமலாத்தாள்.

கிளிராணி இருந்த கண்ணாடி ஜாடி மட்டும் மேல்தட்டில் இருந்தது. அதற்குள் செய்தித்தாளில் கட்டிய சிறு பொட்டலம் ஒன்று. கல்யாணப் பூ, ஞாபகத்துக்கு வைத்திருக்கிறாள் என்று செங்கோட்டையன் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வான்.

எழுபத்தொன்பது ஐப்பசியில் தொழிற்சாலையில் அவன் காலில் இரும்புத் தகடு விழுந்தது. ஆட்கள் அவனைத் தூக்கிக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடினார்கள். சேதி கடைக்கு வந்தபோது கமலாத்தாள் முதலில் செய்த காரியம், முக்காலி போட்டு ஏறி ஜாடியை இறக்கியது. மூடியைத் திறந்ததும் பழைய வாசம் வந்தது. நூலைப் பிடித்தாள். முதல் குழந்தை தங்காதபோது போட்ட முடிச்சு, அம்மாவின் கண் போன அன்று போட்டது, வேலைநிறுத்தத்தில் மூன்று மாதம் சம்பளமில்லாதபோது போட்டது. விரலுக்குத் தட்டுப்பட்டன.

அப்புறம் நூலை இழுத்து இன்னொரு முடிச்சு போட்டு, ஜாடியை மேலே ஏற்றிவிட்டு, கடையைச் சாத்திக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடினாள்.